சுடலையில் நிற்கிறவனின் முகம்: மூன்று மாதம் பழகிப் பார்த்தது

கோவில் திருவிழாவுக்கு, அரிச்சந்திரன் கதையின் சுடலைப் பகுதியான மயான காண்டம் நாடகத்தைப் போடுவதென்று தை மாதம் முடிவானது. எனக்கு அரிச்சந்திரன் வேஷம். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவை யாழ்ப்பாணம் முழுக்க அறிய வைத்த வேஷம் அது. அவரை மேடையில் பார்த்த பெரியவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பாட்டை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். பழக்குகிற அண்ணாவியார் இரண்டாம் நாளே வேறு சொன்னார்: "பாட்டு வந்திடும் தம்பி. முகம்தான் செத்துக் கிடக்குது."

எனக்குச் சிக்கலாக இருந்தது ஒரே ஒரு இடம். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வருகிறாள். இருட்டில் ஆளைத் தெரியாமல் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான் காவல்காரனான அரிச்சந்திரன். அவளிடம் ஒன்றும் இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே, விற்றுக் கொண்டுவா என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது என்று அவள் அழுகிறாள். அவன் அவளை அறிகிற கணம் அதுதான். நாங்கள் பழகுகிற பிரதியில் அந்த இடத்தில் எனக்குப் பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. முகம் மட்டும்தான்.

ஃபோனில் பதிவு செய்து அம்மம்மாவுக்குக் காட்டினேன். அவவுக்கு இரண்டு காதும் கேளாது. பத்து வருடமாக எங்கள் முகங்களைப் பார்த்தே கதைக்கிறவ. அவவை விட நல்ல சோதனை எனக்குக் கிடைக்காது. முதல் பதிவில் கண்ணை விரித்து வாயைத் திறந்திருந்தேன்.

"ஏன் மோனை பயந்துபோய் நிக்கிறாய்?" என்று கேட்டா.

துக்கத்தை முகத்தில் எங்கே வைப்பது என்று தேடியபோது டார்வின் 1872இல் எழுதியது உதவியது. துயரத்தில் புருவங்களின் உள்முனைகள் மட்டும் மேலே எழும். அதை நினைத்தவுடன் செய்யக்கூடியவர்கள் சிலரே என்கிறார். கண்ணாடி முன் இருந்து, புருவத்தின் வெளிமுனைகளை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு உள்முனையைத் தூக்கப் பழகினேன். மாசி முடியும்போது இடது புருவம் வந்தது. வலது பங்குனி நடுவில்தான் அசைந்தது. தசை வலிக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் கிழமை நெற்றி நல்லாக நொந்தது.

மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். புருவம் பழகத் தொடங்கிய பிறகு கடைக்கு வருகிறவர்களின் நெற்றியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு ஐயா இன்சுலினுக்கு விலை கேட்டார். சொன்னேன். "பிறகு வாறன்" என்று சிரித்தார். வாய் சிரித்தது, கண்ணோரம் சுருங்கவில்லை, புருவத்தின் உள்முனை இரண்டும் எழுந்து நின்றன. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இலேயே இதைக் காட்டிவிட்டார்: வாயை இழுக்கும் தசை நம் சொல் கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும். ஐயாவைத் திரும்பக் கூப்பிட்டு மாதக் கடன் கணக்கில் எழுதி மருந்தைக் கொடுத்தேன். அந்த முகத்தை முன்பு எத்தனை தரம் பார்க்காமல் மிச்சக் காசை எண்ணியிருப்பேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

புருவம் வந்தும் அண்ணாவியாருக்குத் திருப்தி இல்லை. "அழுகிறாய் சரி, எதுக்கு அழுகிறாய்?" என்றார். வீட்டுக்கு வந்து தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்தேன். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நான்கு காரணம் சொல்கிறது அது. அழுகைக்கு இளிவு (இழிவுபடுவது), இழவு (இழப்பு), அசைவு, வறுமை. அசைவு என்றால் முந்தைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது. நாலும் அரிச்சந்திரனுக்கு இருக்கின்றன! நான் நாலையும் ஒரே நேரத்தில் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன். சுடலையில் நிற்கிற காவல்காரனுக்கு அசைவும் வறுமையும் பழகிப்போனவை. புதிதாக வருவது மகனின் இழவு. அதற்கும் முன்னால், பெண்சாதியிடமே பிணக்கூலி கேட்டுவிட்டேனே என்ற இளிவு.

அந்த வரிசையில் செய்து பார்த்தேன். தாலி என்ற சொல் விழுந்ததும் முகத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பது. பிறகு கேட்கிற கை தாழ்கிறது. கண் அவள் கழுத்தில் இருந்து விலகுகிறது. அது இளிவு. கடைசியாகக் கண் பிள்ளையிடம் போன பிறகே புருவம். முன்பு மூன்று விநாடியில் முடித்ததற்கு இப்போது பதினொரு விநாடி எடுக்கிறது.

சித்திரை இரண்டாம் கிழமைப் பதிவை அம்மம்மா இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தா. "ஆரையோ கண்டிட்டான். தெரிஞ்ச ஆக்கள்," என்றா. கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை செத்திட்டுதோ?" என்று என்னைக் கேட்டா.

அடுத்து வருகிற பாட்டோடு சேர்க்கும்போதுதான் முகம் இன்னும் சரியாக நிற்கவில்லை. மேல் சுருதிக்குப் போனவுடன் வாய் அகன்று, நெற்றி முழுவதும் சேர்ந்து எழுந்துவிடுகிறது; உள்முனை தனியாக நிற்பதில்லை. அண்ணாவியார் சுருதியை அரைக் கட்டை குறைத்துப் பாடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியக்காரர் வருகிறார்.