ஜென்டூவில் சார்பு முறிந்தால் முதலில் எதை வாசிப்பது

ஜென்டூ லினக்ஸில் பொதிகளை (மென்பொருள்களை) மூலநிரலிலிருந்து கட்டி நிறுவும் எமர்ஜ் கட்டளை அறுபது வரி சிவப்பெழுத்தைத் திரையில் கொட்டியதும் பலருக்குக் கை நேரே பொதியைக் கழற்றும் அன்மேர்ஜுக்குத்தான் போகும். தடுக்கிறதைக் கழற்றி எறிந்துவிட்டால் வழி விடும் என்ற கணக்கு. பல நேரம் அந்தக் கணக்குத் தவறிப்போகும். செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரேயொரு பழைய பொதிதான் மற்றவற்றின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது எது என்று தேடுவதில்தான் நேரம் போகும். கழற்றுவது இரண்டு நிமிட வேலை.

(கட்டளைகளைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழமைபோல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

சார்பு என்றால் ஒரு பொதிக்கு இன்னொரு பொதி தேவைப்படுவது. அது "முறிந்துவிட்டது" என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்களை. ஜென்டூவின் பொதி மேலாளரான போர்ட்டேஜால் எந்தப் பதிப்புகள் ஒத்துப்போகும் என்று கணக்குப் போட முடியாமல் கம்பைல் (மூலநிரலைக் கட்டுவது) தொடங்கு முன்பே நின்றுவிடுவது ஒன்று. அப்போது கணினியில் எதுவும் உடையவில்லை, பதற வேண்டாம். கம்பைல் எல்லாம் முடிந்த பிறகு ஏதோ ஒரு புரோகிராம் லைப்ரரியைக் காணவில்லை என்று திறக்க மறுப்பது மற்றது. முதல் நோய்க்கு இரண்டாவதின் மருந்தைக் கொடுத்தால் இல்லாத உடைசலையும் நாமே உண்டாக்கிவிடுவோம்.

முதலாவதிலிருந்து வருவோம். பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எமர்ஜ் --சிங்க் ஓடியதும் இசெலக்ட் நியூஸ் ரீட். பெரிய சிக்கல்கள் பலவற்றுக்கு அங்கே முன்கூட்டியே அறிவித்தல் வந்திருக்கும், நாம்தான் வாசிப்பதில்லை. பிறகு எமர்ஜ் --ப்ரிடெண்ட் --அப்டேட் --டீப் --நியூயூஸ் @வேர்ல்ட். --ப்ரிடெண்ட் எதையும் கட்டாமல் திட்டத்தை மட்டும் காட்டும், @வேர்ல்ட் என்பது நாம் நிறுவிய எல்லாவற்றையும் குறிக்கும். தனியொரு பொதியை மட்டும் உயர்த்தப் போவதுதான் பல ஸ்லொட் மோதல்களுக்கு (ஒரு பொதியின் இரண்டு பதிப்பு ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது) காரணம். பேர்ல் நிரல்மொழி இதற்கு நல்ல உதாரணம். அதை மட்டும் எமர்ஜ் செய்தால் வேர்ச்சுவல்/பேர்ல் என்று தொடங்கும் குட்டிப் பொதிகள் எல்லாம் வரிசையாக நின்று மறிக்கும். @வேர்ல்ட் முழுவதையும் ஒன்றாகக் கேட்டால் போர்ட்டேஜ் தானே அவற்றையும் சேர்த்து நகர்த்திவிடும். முடிந்ததும் பேர்ல்-கிளீனர் --ஆல் ஒரு தடவை.

அப்படியும் மோதல் நின்றால் --வேர்போஸ்-கொன்ஃப்ளிக்ட்ஸ் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். உதாரணத்துக்கு ஐசியு (யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் லைப்ரரி) 74.2 இலிருந்து 75.1 க்குப் போகிறது என்று வையுங்கள். திரையில் இரண்டு பதிப்பும் வரும், ஒவ்வொன்றின் கீழும் அதை இழுத்துப் பிடிக்கும் பொதிகள் வரும். முரண்படும் இடத்தின் கீழே ^^^^ என்று கோடு போட்டிருக்கும். அங்கே "டெவ்-லிப்ஸ்/ஐசியு:0/74.2=" என்று கண்டால், அந்தப் பொதி பழைய ஐசியுவோடு கட்டப்பட்டது, ஐசியு மாறினால் தன்னையும் திரும்பக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். கடைசியிலுள்ள = குறிதான் அதைச் சொல்கிறது. இது தவறு அல்ல. லிப்ரெஒஃபிஸ், பூஸ்ட் போன்ற பலவும் இப்படித்தான் இருக்கும், போர்ட்டேஜ் அவற்றைத் தானாகவே திரும்பக் கட்டும்.

நாம் தேட வேண்டியது திரும்பக் கட்ட முடியாத பொதியை. "இன்ஸ்டோல்ட்" என்ற அடையாளத்தோடு நிற்கும், ஆனால் அதன் ஈபில்ட் (பொதியைக் கட்டும் செய்முறைக் கோப்பு) மரத்தில், அதாவது ஜென்டூவின் பொதித் தொகுப்பில், இப்போது இல்லை. அல்லது இருக்கிறது, மாஸ்க் செய்யப்பட்டிருக்கிறது (நிறுவ விடாமல் தடுக்கப்பட்டிருக்கிறது). அல்லது புதிய பதிப்பு ஒரு யூஸ் ஃபிளாக் (பொதியின் விருப்ப வசதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) மாற்றம் கேட்கிறது. /வார்/டிபி/ரிப்போஸ்/ஜென்டூ வின் கீழ் அந்தப் பொதியின் கோப்புறையைத் திறந்து பார்த்தாலே ஈபில்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோப்புறையே இல்லையா? பொதி மரத்திலிருந்து அகற்றப்பட்டுவிட்டது. ஈக்வெரி டிபெண்ட்ஸ் போட்டு யாருக்கு அது தேவை என்று பாருங்கள். ஒருவருக்கும் தேவையில்லை என்றால் /வார்/லிப்/போர்ட்டேஜ்/வேர்ல்ட் கோப்பில் எப்போதோ நாமே போட்ட வரியாக இருக்கும். எமர்ஜ் --டீசெலக்ட், பிறகு அந்தப் பெயரோடு --டெப்கிளீன். டெப்கிளீன் யாருக்காவது தேவை என்றால் மறுக்கும், அன்மேர்ஜ் கேள்வி கேட்காமல் பிடுங்கும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அன்மேர்ஜைக் கையில் எடுக்காமல் இருக்கலாம்.

எல்லாப் பொதியும் மரத்தில் இருந்தும் மோதல் தீரவில்லையா? போர்ட்டேஜ் பின்வாங்கித் தீர்வு தேடும் தடவைகளைக் கூட்ட --பேக்ட்ராக்=50 கொடுத்துப் பாருங்கள். நேரம்தான் கொஞ்சம் கூடுதலாகப் போகும், கெடுதல் இல்லை.

பைத்தான் தனிக் கதை. 2024 ஜூன் 1 இல் ஜென்டூவில் பைத்தான் 3.12 இயல்புநிலையானபோது மாட்டிக்கொண்ட கணினிகளில் பலவற்றில் போர்ட்டேஜின் பொது அமைப்பு இருக்கும் மேக்.கொன்ஃப் கோப்பில், எந்தப் பைத்தான் பதிப்புகளுக்குக் கட்டுவது என்று எப்போதோ கையால் எழுதிய பைத்தான்_டார்கெட்ஸ் வரி ஒன்று இருந்திருக்கும். அதை அழித்தாலே பாதிச் சிக்கல் போய்விடும். மீதிக்கு, பொதிகளுக்கான யூஸ் ஃபிளாக்குகளை எழுதும் பேக்கேஜ்.யூஸில் படிப்படியாக மாற்ற வேண்டும்: முதலில் டார்கெட்ஸில் பழையதும் புதியதும் இரண்டும், சிங்கிள்_டார்கெட்டில் (ஒரே பதிப்பை மட்டும் ஏற்கும் பொதிகளுக்கானது) பழையது மட்டும். @வேர்ல்ட் கட்டி முடிந்ததும் சிங்கிளைப் புதியதற்கு மாற்றி இன்னொரு தரம் கட்டுவது. கடைசியாகப் பழையதை எடுத்துவிடுவது. மூன்று சுற்று, நேரம் பிடிக்கும், ஆனால் நடுவில் எந்த இடத்திலும் கணினி முடமாகாது.

தடையை நீக்க அமைப்பை மாற்றச் சொல்லிப் போர்ட்டேஜின் ஓட்டோஅன்மாஸ்க் வசதி கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். யூஸ் மாற்றம் கேட்டால் வாசித்துவிட்டு ஏற்கலாம். கீவேர்ட் மாற்றம் (சோதனைப் பதிப்பை அனுமதிப்பது) கேட்டால் ஏன் என்று பாருங்கள். மாஸ்க்கை எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்பதே என் பதில்.

இனி இரண்டாவது நோய். லைப்ரரியின் பதிப்பு மாறினாலும், யாராவது பழையதைப் பாவித்துக்கொண்டிருந்தால் போர்ட்டேஜ் அந்தக் கோப்பை விட்டுவைக்கும். எமர்ஜ் @பிரிசேர்வ்ட்-ரீபில்ட் ஓட்டினால் பாவிப்பவர்கள் திரும்பக் கட்டப்படுவார்கள், பழையதும் போய்விடும். அதற்கும் அகப்படாததை ஜென்டூல்கிட்டில் உள்ள ரெவ்டெப்-ரீபில்ட் பிடிக்கும். திறக்காத புரோகிராமின் மீது, அதற்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை ஓட்டிப் பார்த்தால் "நொட் ஃபவுண்ட்" என்ற வரியே காணாமற்போன கோப்பின் பெயரைச் சொல்லிவிடும்.

அந்த நேரத்தில் .எஸ்ஓ.74 என்ற பழைய லைப்ரரிக் கோப்பின் பெயரில் புதிய .எஸ்ஓ.75 க்கு ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போட்டுத் தப்பிவிடலாம் என்று தோன்றும். ஐசியுவில் இது நடக்கவே நடக்காது. அதன் ஃபங்ஷன் பெயர்களின் வாலிலேயே _74, _75 என்று பதிப்பு எண் ஒட்டியிருக்கிறது. கோப்பு கிடைத்தாலும் உள்ளே தேடும் பெயர் இருக்காது. வேறு லைப்ரரிகளில் சில நாள் ஓடும், பிறகு காரணம் தெரியாமல் விழும். அது இன்னும் மோசம்.

கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு எதிரிகள்: டேட்டாவும் கரண்டும். வீட்டு இணைப்பில் இரவு ஒதுக்கீடு தனியாக இருந்தால் எமர்ஜ் --ஃபெட்ச்ஒன்லி யை நள்ளிரவுக்குப் பிறகு ஓட விடுங்கள். பகலில் கம்பைலுக்கு இணையம் பெரும்பாலும் தேவைப்படாது. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் முழு நாடுமே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். அதனால் கட்டும் வேலை நடக்கும் /வார்/டிஎம்பி/போர்ட்டேஜை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (ரெம்மில் இருக்கும் கோப்பு முறைமை) வைக்கும் ஆலோசனையை இங்கே பின்பற்றாதீர்கள். ரெம்மில் இருப்பது கரண்டோடு போய்விடும். டிஸ்க்கில் இருந்தால் அந்தப் பொதியின் ஈபில்ட் கோப்பை ஈபில்ட் கட்டளைக்குக் கொடுத்து மேர்ஜ் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதற்கு முன் வேலைக் கோப்புறையில் பூச்சிய அளவில் கிடக்கும் .ஓ கோப்புகளை (கம்பைல் செய்த துண்டுகள்) அழியுங்கள். மின்வெட்டு நேரத்தில் பாதி எழுதப்பட்டவை அவை, கட்டும் கருவியான மேக் அவற்றை முடிந்ததாக எண்ணி லிங்க் செய்யும்போது விழும். நிறுவும் கட்டத்தில் கரண்ட் போனால், நிறுவிய பொதிகளின் பதிவு இருக்கும் /வார்/டிபி/பிகேஜி யில் -மேர்ஜிங்- என்று தொடங்கும் கோப்புறை ஒன்று எஞ்சியிருக்கும். அந்தப் பொதியை --வன்ஷொட் (வேர்ல்ட் கோப்பில் சேர்க்காது) கொடுத்துத் திரும்ப எமர்ஜ் செய்ய வேண்டும்.

"கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்பிளஸ்" என்று வந்தால் அது சார்புச் சிக்கலே அல்ல, ரெம் போதவில்லை. ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் ஜொப்புக்கும் 2 ஜிபி என்று கணக்கு வையுங்கள்: 8 ஜிபி லெப்டொப்பில் மேக்ஒப்ட்ஸ் -ஜே4 க்கு மேல் வேண்டாம். அதுவும் பிரவுசரை மூடிவிட்டு.

எல்லாம் முடிந்ததும் எமர்ஜ் --ப்ரிடெண்ட் --டெப்கிளீன். பட்டியலில் இப்போது பாவனையிலுள்ள ஜிசிசி கம்பைலரோ, நீங்கள் தினமும் திறக்கும் ஏதாவதொன்றோ இருந்தால் அங்கேயே நிறுத்தி, எமர்ஜ் --நோரெப்ளேஸ் மூலம் அதை வேர்ல்ட் கோப்பில் சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.