காற்றாடிமலையில் தீர்த்த நேர்ச்சை

இந்த ஜனவரி 14, புனித தேவசகாயம் திருநாளன்று, என் அம்மை நேர்ந்த நேர்ச்சையை நானும் மனைவியும், அந்தப் புனிதர் உயிர் விட்ட குமரி மாவட்டத்துக் காற்றாடிமலையில் தீர்த்தோம். ஆண்டவருக்கு நன்றி. எழுத உட்கார்ந்தால் இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது கை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நட்டாலத்துக்குப் பக்கம் பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் எங்களுக்கு 1,300 ஏத்தன் வாழை, குலை தள்ளி நின்றது. அன்று வீசிய காற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, கடன்தான் மிஞ்சியது. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத ஊர்களை நினைத்தால் எங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை. இன்றைக்கு அப்படிச் சொல்ல முடிகிறது, அன்றைக்கு முடியவில்லை.

இரவு கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மை விவிலியத்தை எடுத்து, எல்லாவற்றையும் இழந்தும் ஆண்டவரை விடாத யோபுவின் ஆகமத்தில் முதல் அதிகாரத்தை வாசித்தாள். “ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்” என்று அவள் நிறுத்த, “ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக” என்று மனைவியும் பிள்ளைகளும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அதிலிருந்து குடும்ப செபத்தில் அம்மை அந்த வசனத்தைச் சேர்க்காத நாள் இல்லை. நான் வாய் திறந்த நாளும் இல்லை. அவள் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, படுக்கையில் விழுந்த பிறகு, சொன்னாள்: “மக்ளே, காத்து எடுத்ததுக்குக் காத்தாடிமலையிலதான் கணக்கு தீக்கணும். கடன் அடஞ்சா கோட்டாத்துல இருந்து நடந்தே போயி, யோபு ஆகமத்த ஒரு எழுத்து விடாம வாசிக்கேன்னு நேந்திருக்கேன். நான் இல்லேன்னா நீ வாசி.”

2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று அழுதவள் அவள். 2021இல் போய்ச் சேர்ந்தாள். 2022 மே 15இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்க்க அவள் இல்லை. மேலே இருந்து பார்த்திருப்பாள்.

தேவசகாயத்துக்கும் யோபுவுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்டபிள்ளை, மாடுகள் செத்து, மனம் விட்டுப்போய் நின்றார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய்தான் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அந்த ஒரு கதை அவரை 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்க வைத்தது. தேவசகாயம் ஆனார். ஏழாவது வருடம், 1752 ஜனவரி 14இல், காற்றாடிமலையில் குண்டடிபட்டுச் செத்தார்.

நேர்ச்சை தீர்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோட்டாறு சவேரியார் கோவிலில், தேவசகாயத்தின் கல்லறை முன்னால் முழங்காலிட்டு அம்மையின் விவிலியத்தைத் திறந்தேன். முதல் அதிகாரம், 21ஆம் வசனம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. எவ்வளவோ முயன்றேன். “நான் வாசிக்கேன், நீங்க இரிங்க” என்று மனைவி புத்தகத்தை வாங்கி அந்த வசனத்தை வாசித்துத் திருப்பித் தந்தாள்.

விடியற்காலை 4 மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். வெள்ளமடத்தில் டீ குடித்த இடத்தில் சில அதிகாரம், அதற்கடுத்து உட்கார்ந்த இடத்தில் சில அதிகாரம். எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் யோபுவைச் சுற்றி உட்கார்ந்து ‘நீ என்ன பாவம் செய்தாயோ’ என்று குடைகிற பகுதி நீண்டுகொண்டே போகும். புயல் முடிந்து வந்த சொந்தக்காரர்கள் பேசியதும் அதேதான். போன வருடம் கொடியேற்றத்துக்கு நீ வரவில்லையே, அதனால்தான் என்றார் ஒருவர். தயவுசெய்து நஷ்டப்பட்டவன் வீட்டுக்குப் போனால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். யோபுவின் கூட்டாளிகளும் முதல் ஏழு நாள் அப்படித்தான் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அது ஒன்றுதான்.

தோவாளைப் பூச்சந்தையில் பொங்கல் நேரத்து விலை. இருந்தும் அம்மைக்குப் பிடித்த பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கினோம். அதைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும், வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுகின்றன. புயலுக்குப் பிறகு காற்றுச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். தாளைப் புரட்ட விடாமல் அடித்த காற்றில் மனைவி இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, நான் வாசித்தேன்.

மலையடிவாரத்தில் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மெழுகுவத்தியை இரண்டு பங்கு விலைக்கு விற்பதும், “ஐநூறு குடுங்க, வரிசை இல்லாம முன்னால கொண்டுவிடுகேன்” என்று ஒருவர் சட்டையைப் பிடித்து இழுப்பதும் மனதை நோகடித்தது. ஒரு மனுஷன் ரத்தம் சிந்திய இடம் அது. கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கிற மணியடிச்சான் பாறையிலும் செல்ஃபி எடுக்கிறவர்கள் நகர்வதாக இல்லை.

வியாகுல அன்னை கோவிலில் பூசை கண்டுவிட்டு, மேலே ஓர் ஓரமாக உட்கார்ந்து 42ஆம் அதிகாரத்தை எடுத்தேன். யோபுவுக்கு எல்லாம் இரண்டு பங்காகத் திரும்பி வருகிற அதிகாரம். 14,000 ஆடு, 6,000 ஒட்டகம். கடன் அடைந்தால் எனக்கும் சந்தோஷம் வந்துவிடும் என்று இத்தனை வருடம் இந்தக் கணக்கைத்தான் நம்பியிருந்தேன். போன வருடம் கடைசித் தவணையைக் கட்டி, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒன்றும் வரவில்லை. வெறும் களைப்புதான்.

அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஆடுமாடு திரும்பி வருவது அதிகாரத்தின் பின்பகுதியில். யோபுவின் நெஞ்சு ஆறுவது அதற்கு முன்னாலேயே, ஐந்தாம் வசனத்தில். உம்மைப் பற்றிக் காதால்தான் கேட்டிருந்தேன், இப்போது கண்ணால் காண்கிறேன் என்கிறான். அப்போது அவனிடம் ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை. உடம்பெல்லாம் புண். தேவசகாயத்துக்கோ போன மாடுகள் வரவே இல்லை. வந்தது விலங்கு; எருமை மேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்; அடிபட்ட புண்ணில் மிளகாய் தேய்த்தார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. யாராலும் எடுத்துப்போக முடியாத ஒன்று அவர் கையில் இருந்தது. அதைத்தான் அம்மை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எனக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள்.

42 அதிகாரமும் முடிந்தது. ஆனால் ஒரு எழுத்து விடாமல் என்றல்லவா நேர்ந்தாள்? நான் வாசிக்காத வசனம் ஒன்று பாக்கி இருந்தது. மணியடிச்சான் பாறையில் ஒரு சிறுபிள்ளை கல்லால் தட்டினான். ணங் என்று கேட்டது. முதல் அதிகாரத்துக்குத் திருப்பினேன்.

“ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்.” குரல் நடுங்கியது, நிற்கவில்லை. “ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக.” சத்தமாகவே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, நெஞ்சு படபடக்கவில்லை. ஆண்டவரே நன்றி. வாழை தந்ததற்கு நன்றி, எடுத்ததற்கும் நன்றி. இவ்வளவு நாள் வாய் மூடிக் கிடந்தவனைத் தள்ளிவிடாமல் வைத்திருந்ததற்கு நன்றி. என் அம்மைக்கு நன்றி, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு நன்றி. புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

பிச்சிப்பூவில் பாதியைச் சிலுவையடியில் வைத்தோம். மீதியை மறுநாள் காலை அம்மையின் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.