தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் 14,000 அடி

1942 ஆகஸ்ட் 17, இரண்டாம் உலகப் போர். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சில் ரூவான் அருகே சொத்வில் ரயில் யார்டின் மேல் அமெரிக்காவின் 12 பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பட்டப்பகலில் குண்டு வீசின. உயரம் சுமார் 23,000 அடி. நம்ம தொட்டபெட்டாவே 8,650 அடிதான். ஊட்டியில் தை மாத உறைபனிக்கே விரல் மரத்துவிடும். அந்த உயரத்தில் பொதுவாக மைனஸ் 30 டிகிரி. விமானத்துக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டும் வசதியும் கிடையாது. மூச்சின் ஈரம் ஆக்சிஜன் முகமூடிக்குள் உறைந்து அடைத்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். அடிக்கடி கசக்கிப் பனியை உதிர்க்க வேண்டும். துப்பாக்கிக்கு எண்ணெய் கூடினால் இறுகிச் சுடாது.

குண்டு வீசக் குறிபார்க்கும் நார்டன் கருவிக்கு இலக்கு கண்ணில் தெரிய வேண்டும். மஞ்சு மூடினால் வீண். கடைசிக் கட்டத்தில் வளையாமல் நேராகப் பறந்தே ஆகவேண்டும்.

பன்னிரண்டும் திரும்பின. காவலுக்கு வந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் துணையும் குறுகிய தூரமும்தான் காரணம் என்பேன். சரியாக ஓராண்டு கழித்து, துணை விமானங்கள் எட்டாத ஜெர்மன் நகரங்களான ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்பூர்க் மீதான தாக்குதலில் 60 குண்டுவீச்சு விமானங்கள் பறிபோயின.