ஒரு பூ போதும்
‘லெஸ் ஆன்ஃபான் து பாரடி’ படத்தில் ஒரு காட்சி. கூட்டத்தில் ஒருவரின் தங்கக் கடிகாரம் காணாமல் போகிறது. பழி கரான்ஸ் என்ற பெண் மேல்.

கொட்டகை வாசலில் வெள்ளை முகத்தோடு உட்கார்ந்திருக்கும் மௌன நடிகன் பப்தீஸ்த், திருட்டு நடந்த விதத்தை வாய் திறக்காமல் நடித்தே காட்டிவிடுகிறான். பறிகொடுத்தவரின் தொந்தியைக்கூட விடவில்லை! பழியிலிருந்து தப்பிய கரான்ஸ் அவனுக்கு ஒரு பூவை வீசிவிட்டுப் போகிறாள்.

அவ்வளவுதான், காதலில் ஆள் காலி.

மார்செல் கார்னே இயக்கிய பிரெஞ்சுப் படம் (1945). இன்று மறுபடியும் பார்த்தேன், மூன்று மணி நேரத்துக்கு மேல்.

மேடையில் உடம்பாலேயே எல்லாம் சொல்பவன், அவளோடு தனியாக இருக்கும்போது தடுமாறுகிறான். வாய்ச்சவடால் நடிகன் ஃப்ரெடெரிக்குக்கு அந்தச் சிக்கலே இல்லை. எனக்கென்னவோ அவனையும் பிடிக்கிறது.

பிரான்ஸ் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்தபோது எடுத்த படம். யூதர்களான அரங்க வடிவமைப்பாளர் த்ரோனரும் இசையமைப்பாளர் கோஸ்மாவும் மறைந்திருந்து வேலை செய்தார்கள். கரான்ஸாக நடித்த அர்லெட்டியோ, ஜெர்மன் அதிகாரி ஒருவரைக் காதலித்ததற்காக, பாரிஸ் விடுதலையானதும் கைதானார்.