மருந்து டப்பாக்களைக் கொண்டு வாருங்கள்

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. நியூ ஜெர்சியில் அதற்கான ஆலோசனைத் தன்னார்வலராக இருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலமான அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வருகிற பெரியவர்கள் "மாதக் கட்டணமே இல்லையாமே?" என்று ஏதாவது ஒரு திட்டத்தின் விளம்பரத் தாளை நீட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு மருந்து டப்பாக்களைக் கேட்பேன். பெயரையும் அளவையும் ஒவ்வொன்றாக மெடிகேர் இணையதளத்தில் ஏற்றுவேன். ஒரே சர்க்கரை மாத்திரை ஒரு திட்டத்தில் மலிவாகவும் இன்னொன்றில் எட்டாத விலையிலும் இருக்கும். மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் அட்வான்டேஜ் திட்டமென்றால், அவர்களுடைய இதய மருத்துவர் அதன் பட்டியலில் இருக்கிறாரா என்றும் பார்த்தாக வேண்டும்.

அரசே நடத்தும் அசல் மெடிகேர் விட்டுவைக்கும் செலவுக்காகத் தனியாரிடம் வாங்கும் துணைக் காப்பீடுதான் மெடிகேப். அந்த விஷயத்தில் நான் கறார். 65 வயதுக்குப் பின் பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதி) தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் வாங்கினால், நோயைக் காட்டி எந்த நிறுவனமும் மறுக்க முடியாது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகளிடம் வந்து குடியேறிய நம் ஊர்ப் பெற்றோருக்கு: கிரீன் கார்டுடன் தொடர்ந்து ஐந்தாண்டுகள் வசித்திருந்தால், 65 வயதானவர்கள் நீங்களும் சேரலாம். உங்களுக்கோ துணைக்கோ இங்கே பத்தாண்டு வேலைக் கணக்கு இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-க்கும் கட்டணம் உண்டு. சென்னைக்குப் போய்த் தங்கும்போது ஆகும் ஆஸ்பத்திரிச் செலவை அசல் மெடிகேர் ஏற்காது. கிளம்புமுன் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.