டைவ்மாஸ்டர் தியரித் தேர்வும் எங்கள் தோட்டத்துக் கிணறும்

போன மே மாதம் டைவ்மாஸ்டர் தியரித் தேர்வை எழுதி முடித்தேன். காற்று டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு முங்குகிற ஸ்கூபாவில், நாம் மட்டும் முங்கி எழுந்தால் போதும் என்ற நிலை மாறி, மற்றவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு தொடங்குகிற படி அது. கடலே இல்லாத கொங்குநாட்டில் உட்கார்ந்து அதற்குப் படித்தேன். எங்கே திணறினேன், எது கைகொடுத்தது என்பதை எழுதிவைத்தால் அடுத்துப் படிக்கிறவர்களுக்கு உதவும்.

சொந்த ஊர் காங்கேயம் பக்கம். வேலை கோவையில், பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில். நீச்சல் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூடு, கட்டிக்கொண்டு. டைவிங் கற்றது புதுச்சேரியில். சனிக்கிழமை விடிய அங்கே இறங்குகிற மாதிரி கோவையில் ராத்திரி பஸ் ஏறுவேன். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ டைவர் படிப்பை முடித்து, 40 டைவ் கணக்கில் ஏறியதும் டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேர்ந்தேன். சான்றிதழ் கைக்கு வர 60 டைவ் ஆகியிருக்க வேண்டும். தியரி இரண்டு தாள். தாளுக்கு 60 கேள்வி, தேற 75 சதவீதம், அதாவது 45 சரியாக இருக்க வேண்டும்.

புத்தகம் ஆங்கிலத்தில். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. முதல் வேலையாக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஒவ்வொரு பாடத்தையும் எனக்குப் புரிகிற தமிழில் எழுதிக்கொண்டேன். இதற்கே இரண்டு மாதம் ஓடியது. வீண் என்று சொல்லமாட்டேன். எழுதும்போதுதான் எது புரிந்தது, எது வெறும் மனப்பாடம் என்று பிரிந்து தெரிந்தது.

இயற்பியல் எனக்குப் பழகிய விஷயம். தினமும் டெஸ்ட் பெஞ்சில் பார்ப்பதுதான்: 10 மீட்டர் ஹெட், அதாவது தண்ணீர் உயரம், என்றால் அழுத்தம் காட்டும் கேஜில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. கடலிலும் 10 மீட்டருக்கு 1 பார் என்றுதான் புத்தகம் சொல்கிறது; பார் என்பதும் கிட்டத்தட்ட அதே அளவு அழுத்தம்தான். அதனால் அந்தப் பாடத்தை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு மாதிரித் தேர்வு எழுதினேன். 20க்கு 11.

தவறிய கேள்விகளில் ஒன்றை அப்படியே சொல்கிறேன். ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறார். 30 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு இழுப்பார்? அழுத்தம் எத்தனை மடங்கோ, இழுக்கிற காற்றும் அத்தனை மடங்கு. 30 மீட்டருக்கு 3 பார், ஆகவே 60 லிட்டர் என்று போட்டேன். சரியான விடை 80. தண்ணீரின் 3 பாரோடு, தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றின் 1 பாரையும் சேர்த்து 4.

பம்ப் வேலையில் அந்த ஒன்றை யாரும் சேர்ப்பதில்லை. கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கும்போதே அதன் மேல் ஒரு கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கேஜில் அளவு குறித்திருப்பதே அதைக் கழித்துவிட்டுத்தான். எட்டு வருடமாக என் கை அப்படியே பழகிவிட்டது. இதை ஒரு மார்க் கணக்காகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 12 லிட்டர் டேங்க், 200 பார். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் மீதி 1,800 லிட்டர். 60ஆல் வகுத்தால் 30 நிமிடம் வரும். 80ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை. நடுவில் இருக்கிற ஏழரை நிமிடமும் என்னை நம்பிக் கீழே வந்தவருடைய மூச்சு. அந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விதி தெரிந்துவிட்டது, ஆனாலும் மனசில் நிற்கவில்லை. அவசரத்தில் போட்டால் மறுபடி அந்த ஒன்று விட்டுப்போகும். அதை எனக்கு நிறுத்திக் கொடுத்தவர் அப்பா.

மார்ச்சில் ஊருக்குப் போயிருந்தபோது கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டாரைக் கீழ்த் திட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாரத்தைச் சங்கிலியில் ஏற்றி இறக்கும் செயின் பிளாக்கில் மோட்டார் தொங்க, பாறையில் உரசாமல் இருக்க அப்பா ஒரு காலால் தள்ளிவிட்டுக்கொண்டே இறங்கினார். மேலே வந்து தண்ணீர் குடிக்கும்போது என் நோட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“அம்மிணி, மோட்டார எதுக்கு எறக்கறோம்? தண்ணி 25 அடிக்குக் கீழ போச்சுன்னா இழுக்காதில்ல.”

“ஆமாங்கப்பா. சக்‌ஷன் கெடைக்காது.”

“மோட்டாரு எங்க இழுக்குது? அது பைப்புல இருக்கற காத்த எடுத்துருது, அவ்வளவுதான். கெணத்துத் தண்ணி மேல காத்து ஒக்காந்து அமுக்குதில்ல, அதுதான் தண்ணியப் பைப்புல ஏத்தி உடுது. அந்தக் காலத்துல ஆயில் இன்ஜின் மெக்கானிக் ஒருத்தர் சொன்னாரு. காத்துக்கு அம்புட்டுத்தான் தெம்பு.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது நல்ல தண்ணீரில் 10.3 மீட்டர், கிட்டத்தட்ட 34 அடி. உராய்வும் மற்ற இழப்பும் போக, நடைமுறையில் 25 அடிதான் மிஞ்சும். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊர்க்காரர்கள் மோட்டாரை இறக்குவதே அந்த ஒன்றின் எல்லை முடிந்துபோவதால்தான். அதற்குப் பிறகு எந்தக் கணக்கிலும் எனக்கு அது விட்டுப்போகவில்லை. ஆழம் என்று படித்தவுடன் செயின் பிளாக் கண்ணில் வந்துவிடும்.

மிதப்புக் கணக்கையும் கிணற்றில் வைத்தே போட்டேன். 90 கிலோ மோட்டார் கிணற்றில் விழுந்துவிட்டது, அது 15 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, ஆக தண்ணீருக்குள் அதன் எடை 75 கிலோ. மிதக்கவிட 75 லிட்டர் காற்று வேண்டும். அதே மோட்டார் கடலில் விழுந்தால், கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.03 கிலோ என்பதால் 72.4 லிட்டரே போதும். கேள்வியில் நல்ல தண்ணீரா கடல் தண்ணீரா என்று முதலில் பார்த்து வட்டம் போடுங்கள். சுரைப்புருடையும் இங்கே உதவியது. அதன் ஓடு கெட்டி, ஆழத்தில் அமுங்காது, தூக்கும் சக்தி மாறாது. டைவிங்கில் போடும் நுரை ரப்பர் உடையான வெட்சூட் அப்படியில்லை, அதற்குள் இருக்கிற காற்றுக் குமிழிகள் ஆழத்தில் நசுங்கி மிதப்பு குறைந்துகொண்டே போகும்.

கருவிகள் பாடத்தில் எனக்குச் சிரமம் இல்லை. வால்வு, பிஸ்டன், டயாஃப்ரம் எல்லாம் தொழிலில் புழங்குவதுதான். கடல் ஓதங்களும் அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றவற்றம் பெரிது என்பதை நினைவில் வைத்தால் பாதி முடிந்தது.

உடலியல் பாடத்தில் ஒரு பக்கத்தைத் தாண்ட எனக்கு நான்கு நாள் ஆனது. கார்பன் மோனாக்ஸைடு. நான் ஆறாவது படிக்கும்போது பக்கத்து ஊரில் கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டினார்கள். பார்க்கப் போன அந்த வீட்டு அண்ணன் மயங்கி விழுந்தார். தூக்கப் போன தம்பியும் திரும்பவில்லை. விளக்கை இறக்கிப் பார்த்தோமே, அணையாமல் எரிந்ததே என்று அந்த வீட்டுப் பெரியவர் சாவு வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு ஆக்சிஜன் குறைந்தால்தான் அணையும். இன்ஜின் புகையில் வரும் இந்த வாயுவை அது காட்டாது. வாசமும் நிறமும் இல்லாதது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும்.

டைவிங்கில் இது டேங்கில் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் வழியாக வரும். காற்று உறிஞ்சும் குழாய் இன்ஜின் புகை பக்கம் இருந்தால் டேங்கில் ஏறிவிடும். 40 மீட்டரில் அழுத்தம் 5 மடங்கு, அதன் வீரியமும் 5 மடங்கு. ஆனால் அங்கே ஆக்சிஜனின் அழுத்தமும் கூடுவதால் அது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து ஆளைத் தாங்கிவிடும். மேலே ஏறி அழுத்தம் குறைகிறபோதுதான் மயக்கம் தட்டும். இதைப் படித்ததிலிருந்து டேங்க் நிரப்புகிற இடத்தில் உறிஞ்சுகுழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்க்காமல் நான் டேங்கைத் தொடுவதில்லை.

ஆழத்தில் உடம்பில் கரைகிற நைட்ரஜன், மேலே ஏறி அழுத்தம் குறையும்போது வெளியேறுவதைச் சொல்வது டீகம்ப்ரஷன் பாடம். அதில் ஹால்டேன் என்ற உடலியல் விஞ்ஞானி வருவார். 1908இல் வெளியிட்ட ஆய்வுக்கு அவர் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார். நைட்ரஜன் குமிழி கட்டிய ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று அப்பாவிடம் சொன்னதும், “பாவம், மூட்டு வலி பொறுக்காமத்தான் அப்படி நிக்கும்” என்றார். ஹால்டேன் உடம்பை ஐந்து பிரிவாகக் கணக்கிட்டார்: நைட்ரஜனால் பாதி நிறைய 5, 10, 20, 40, 75 நிமிடம். இந்தப் பிரிவுகள் கணக்குக்காக வைத்தவை. இது மூளை, அது எலும்பு என்று நேராகப் பொருத்தக் கூடாது. நான் மண்ணாக நினைத்துக்கொண்டேன். செம்மண் சீக்கிரம் குடிக்கும், சீக்கிரம் காயும். கரிசல் மெதுவாகக் குடித்து மெதுவாக விடும். 18 மீட்டரில் 15 நிமிடம் இருந்தால் 5 நிமிடப் பிரிவு எவ்வளவு நிறையும் என்பது வழக்கமான கேள்வி. விடையையும் மீட்டரிலேயே சொல்வார்கள்: முதல் 5 நிமிடத்தில் 9, அடுத்து 13.5, பிறகு 15.75. ஒவ்வொரு முறையும் மீதியில் பாதி.

தேர்வு ஒரு சனிக்கிழமை, புதுச்சேரியில். முதல் தாளில் 54, இரண்டாவதில் 51. தவறியவற்றை ஒவ்வொன்றாக உட்காரவைத்து விளக்கிய பிறகுதான் பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார். அதில் பாதி, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் டேபிளை அவசரமாகப் பார்த்ததால் போனவை. விரலை வைத்து வரி வரியாகப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை இரண்டு டைவ். 11 மணிக்குக் கரை ஏறினோம். கூட வந்த கோவை நண்பர்கள் மூவர், கார் இருக்கிறது, நேரே ஊட்டிக்குப் போய்விடலாம், பூக்காட்சி பார்க்கலாம் என்றார்கள். மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி 10 மணிக்கெல்லாம் மேலே இருப்போம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். விமானத்துக்குள் இருக்கிற அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. டைவ் முடிந்த கையோடு அழுத்தம் அவ்வளவு குறைந்தால், உடம்பில் மிச்சமிருக்கிற நைட்ரஜன் குமிழி கட்டிவிடலாம். ஒன்றுக்கு மேல் டைவ் செய்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மலை ரோட்டுக்கும் அதே எச்சரிக்கைதான். 300 மீட்டரைத் தாண்டினாலே உயரம் என்றுதான் டேபிள் கணக்கு வைக்கிறது. 411 மீட்டரில் இருக்கிற கோவைகூட அதில் வந்துவிடும்.

“காருலதான போறோம், ஃப்ளைட்டுலயா போறோம்?” என்றார் ஒருவர். சேலத்தில் தங்குவோம், அது 278 மீட்டர்தான், காலையில் கிளம்பலாம் என்றேன். கொஞ்ச நேரம் முனகினார்கள். நோட்டை எடுத்துக் கணக்கைக் காட்டினேன். அன்றிரவு சேலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினோம்.