கடைக் கணக்கில் வங்கி எதைப் பார்க்கிறது?

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கடை நடத்தும் நம்மவர்கள் பலருக்கு 50,000 ராண்ட் என்றாலே பயம். பயப்பட ஒன்றுமில்லை. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் தென்னாப்பிரிக்காவின் ஃபிகா சட்டப்படி, 49,999.99 ராண்டைத் தாண்டி ரொக்கம் கட்டினாலும் எடுத்தாலும் வங்கி மூன்று வேலைநாட்களுக்குள் நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 நவம்பர் வரை இந்த வரம்பு 24,999.99 ஆக இருந்தது. வங்கி தெரிவிப்பது வெறும் தகவல். யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வரம்புக்குள் நிற்கட்டும் என்று 90,000 ராண்டை மூன்றாகப் பிரித்து, திங்கள் ஒரு கிளை, செவ்வாய் இன்னொரு கிளை என்று கட்டுவார்கள். நேர்மையாகச் சம்பாதித்த பணம்கூட அப்போது ஒளித்த பணம்போல் தெரியும். சந்தேகம் வந்தால் வங்கி அந்த மையத்துக்கு அனுப்பும் அறிக்கைக்கு, சட்டத்தின் 29-ஆம் பிரிவில் தொகை வரம்பே கிடையாது. அறிக்கை போனதை உங்களிடம் சொன்னால் வங்கி ஊழியர்தான் சட்டத்தை மீறியவர் ஆவார். அதனால் கிளையில் மழுப்பலாகப் பதில் வந்தால் சண்டை போடாதீர்கள்.

கணக்கு திறந்தபோது எழுதிக் கொடுத்தீர்களே, என்ன தொழில், மாதம் எவ்வளவு வரவு, ரொக்கம் எவ்வளவு, யாரிடமிருந்து வரும் என்று? வங்கியின் மென்பொருள் ஒவ்வொரு வரவையும் அதோடுதான் ஒப்பிடுகிறது. சில்லறை மளிகை என்று எழுதியவர் மொத்த வியாபாரத்துக்கு மாறியபின் விவரத்தை மாற்றாவிட்டால், எல்லா வரவும் பொருந்தாமல் நிற்கும். வந்த பணம் அன்றே முழுதாக வெளியே போவதும், தொழிலோடு தொடர்பில்லாதவர் பெயரில் பணம் வருவதும், மைத்துனருக்காக ஒரு தொகையை நம் கணக்கு வழியாக அனுப்புவதும் இதே ரகம். கடைசியாகச் சொன்னதை எவ்வளவு கெஞ்சினாலும் செய்யாதீர்கள்.

தீபாவளிக்கு முன் புடவைக் கடையிலும் பலகாரக் கடையிலும் ரொக்கம் திடீரென்று ஏறும். ஏறுவதற்கு முன்பே வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். கல்லாப் பட்டியல், டெபாசிட் ரசீது, சரக்கு பில் மூன்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். இயக்குநரோ பங்குதாரரோ மாறினால் நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான சிஐபிசியில் பதிந்தால் மட்டும் போதாது, வங்கியிலும் மாற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் வேறு வேறு பெயர் இருந்தால் கணக்கு முடங்கலாம்.

விளக்கம் கேட்டால் தவணைக்குள் ஆவணத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்ய முடியாத கணக்கைத் தொடர வங்கிக்கு அனுமதி இல்லை. ஆனால் 'ஃபிகா புதுப்பிக்க இதை அழுத்தவும்' என்று குறுஞ்செய்தியில் இணைப்பு வந்தால் தொடவே கூடாது. வங்கியின் செயலியிலோ கிளையிலோ நேரடியாகச் செய்யுங்கள்.